நடுப்புல்லில் விழுந்த ஒயில்

எங்கள் தோட்டத்து முருகன் கோயில் கும்பாபிஷேக மலருக்கு, "ஐயா, உங்க தொழில் வாழ்க்கையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். பக்தி மணம் கமழ வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் கார்களுக்கும் லொறிகளுக்கும் அடியில் மல்லாந்து கிடந்தவன். என் தொழிலில் கமழ்ந்தது கியர் ஒயில்தான். ஆனாலும் முருகன் சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி என்னிடம் இருக்கிறது. இதுவரை அவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இதில் வருகிற வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆட்களுக்குத் தலைவரான பெரிய கங்காணி சிவபதம் அடைந்துவிட்டார். இனிச் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

என் படிப்பு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அட்டன் டவுனில் ஒரு கராஜில், பாஸ் என்று அழைக்கப்படும் சிங்களத் தலைமை மிஸ்திரி ஒருவரிடம் ஆறு வருடம் இருந்தேன். முதல் வருடம் கழுவினேன், இரண்டாம் வருடம் துடைத்தேன், மூன்றாம் வருடம்தான் ஸ்பேனர் கைக்கு வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் மிஸ்திரியாகச் சேர்ந்தேன். ஒரு லொறி, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு எஞ்சின், தோட்டத்தை நிர்வகித்த பெரியதுரையின் கார், இவை மூன்றும் என் பொறுப்பு. ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு காம்பிரா, அதாவது இரண்டு அறை கொண்ட வீடு கொடுத்தார்கள். அதில் நான், என் மனைவி ராசம்மா, மூன்று பிள்ளைகள், கண் தெரியாத என் அப்பா.

பெரியதுரையின் கார் யுத்தத்துக்கு முந்தியது. அவர் அதைத் தம் மனைவியைவிடப் பத்திரமாக வைத்திருந்தார் என்று பங்களாவில் பேச்சு. துரைசாணிக்கும் அதே அபிப்பிராயம்தான்.

துரை சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவருடைய வழக்கம் வேறு. காலையில் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, காருக்கு அடியில் ஒழுகும் இடத்தைத் தாமே ஒருமுறை துடைப்பார். கறை உள்ளே இருக்கும்படி நான்காக மடிப்பார். அதை வெள்ளித் தட்டில் வைத்து, பங்களாச் சமையற்காரரான அப்புவிடம் கொடுத்தனுப்புவார். அப்பு வெள்ளைக் கோட்டும் கொண்டையில் செருகிய சீப்புமாகத் தட்டை ஏந்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கி என் கொட்டகைக்கு வருவார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கைக்குட்டையை விரித்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு மடித்து மறுபடியும் தட்டில் வைக்க வேண்டும். அப்பு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போவார். இதுதான் எனக்கு வரும் திட்டு. கோயிலில் பரிவட்டம் கட்டுவதைக்கூட இவ்வளவு ஒழுங்காக நான் கண்டதில்லை.

ஒழுகிய இடம் பின் அச்சு. அச்சின் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்புக்கூடு இருக்கும். அதற்குள் பல்சக்கரங்கள் ஒயிலில் தோய்ந்து சுற்றும். எஞ்சினிலிருந்து வரும் தண்டு அந்தக் கூட்டுக்குள் நுழைகிற வாயில், ஒயில் வெளியே வராமல் தடுக்க ஒரு வளையம். அந்தக் காலத்துக் காரில் அது தோலால் செய்தது. அதைத்தான் சீல் என்கிறோம். நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அது ஒழுகத் தொடங்கியது. நானும் இரண்டு முறை மாற்றினேன். மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் ஒழுகியது. பழைய கார் என்றால் அப்படித்தான் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம்.

தோட்டத்துக்கு அதனால் நட்டமில்லை. சொல்லப்போனால் தோட்டமே அந்த ஒயிலில்தான் ஓடியது.

துரைக்கு ஒரு கெட்ட பழக்கம். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரை உருளவிடுவார். பூனை வருவதுபோல் சத்தமில்லாமல் கொழுந்து எடுக்கிற மலைக்கு வந்து நிற்பார். ஆனால் தோட்டத்து ரோட்டில் இரண்டு டயர் தடத்துக்கும் நடுவே புல் வளர்ந்திருக்கும் அல்லவா? சொட்டுகிற ஒயில் அந்த நடுப்புல்லில் விழும். சந்தியில் கார் எந்தப் பக்கம் திரும்பியது, மேல் பிரிவான மேற்கணக்குக்கா கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்கா என்பதைப் புல் சொல்லிவிடும். ஒயில் பளபளவென்று இருந்தால் இப்போதுதான் போனார், தூசி படிந்திருந்தால் போய் ஒரு மணி நேரமாகிறது, மழையில் ஏழு நிறமாகப் படர்ந்திருந்தால் காலையிலேயே போய்விட்டார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பெண்கள் அந்தப் புல்லைக் கடகடவென்று வாசிப்பார்கள்.

வாசித்தவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டுமே! அதற்குத்தான் முருகன். ஒருமுறை "முருகா" என்று நீட்டிக் கூவினால் துரை மேற்கணக்கில். இருமுறை கூவினால் கீழ்க்கணக்கில். மலைக்கு மலை அந்தக் குரல் ஏறிப் போகும். புதிதாக வந்த பண்டாரம் ஒருவர் அதைக் கேட்டுக் கைகளைத் தலைக்குமேல் குவித்து, "இந்தத் தோட்டத்துல என்னா பக்தி, என்னா பக்தி!" என்று கண்ணீர் விட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. சாமி பெயரை இப்படியா எடுப்பது? ஆனால் துரை எங்கே போனாலும் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் தோட்டத்தைப்போல் ஒழுங்கான தோட்டம் இந்த ஜில்லாவில் கிடையாது என்று அவர் கிளப்பில் சொல்லிக்கொள்வாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தை ஒரு சப்பாத்து கெடுத்தது.

கம்பெனிக்காகத் தோட்டங்களைச் சோதிக்க வருகிற பெரிய அதிகாரியை வி.ஏ. துரை என்போம். பெரியதுரைக்கே துரை அவர்தான். அவர் ஒரு நாள் பங்களாவுக்கு வந்தபோது, போர்ட்டிகோவில் நம் கார் விட்டிருந்த ஒயிலைச் சப்பாத்துக் காலால் மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். துரைசாணி சீமையிலிருந்து வரவழைத்த புதுக் கம்பளத்தில் வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும் ஏழு கறுப்பு அடிகள். அப்பு எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் கைக்குட்டை வரவில்லை. துரையே வந்தார். துரைமார் பேசுகிற தமிழில், ஒரே மட்டமான குரலில் சொன்னார்.

"மிஸ்திரி. வி.ஏ. துரை அடுத்த மாசம் திரும்ப வாறாரு. அன்னைக்கு ஒரு சொட்டு விழக் கூடாது. விழுந்தா, நீ வீட்ட விட்டுப் போ."

வேலை போனால் வீடும் போகும், அதுதான் தோட்டத்துச் சட்டம். எங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக் கடதாசியும் இல்லை, எங்கள் பாட்டன்மார் விட்டு வந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. உலகத்தில் எங்கள் இடம் என்று இருந்தது அந்த இரண்டு காம்பிரா மட்டும்தான்.

செய்தி என்னைவிட வேகமாக நடந்தது. சாயங்காலம் வேலை விட்டதும் முதல் ஆளாகப் பெரிய கங்காணி வந்தார். வெற்றிலையை மென்று துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னா மிஸ்திரி, சீலு மாத்தப் போறியாமே?"

"ஆமாங்க கங்காணியாரே. துரை உத்தரவு."

"மாத்து, மாத்து. நல்லா மாத்து. ஆனா ஒழுகட்டும்."

"ஒழுகாம இருக்கத்தானுங்களே மாத்துறது?"

"அட என்னாய்யா நீ, வெவரந்தெரியாத ஆளா இருக்க. போர்ட்டிகோவுல ஒழுகக் கூடாது. ரோட்டுல ஒழுகணும். அம்புட்டுத்தான?"

கொஞ்ச நேரத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வந்தார். கடுமையான மனிதர், எட்டு வருடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அன்று சிரித்தார். அவருக்குப் பின்னால் கந்தோர் என்கிற ஆபீசின் பெரிய கிளாக்கர். அவர் இங்கிலீஷ் படித்தவர், ஆகவே நேராக எதுவும் சொல்லவில்லை. "ஒரு தோட்டம்கிறது ஒரு குடும்பம் மாதிரி, மிஸ்திரி. குடும்பத்துக்குள்ள எல்லாருக்கும் எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

வீட்டுக்குள் வந்தால் ராசம்மா. அவள் கீழ்க்கணக்கில் கொழுந்து எடுப்பவள்.

"ஏங்க, எல்லாரும் சொல்றாங்கள்ல?"

"தெனமும் காலையில ஸ்பேனர முருகன் படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டுத்தான் எடுக்குறேன். அந்தக் கையால கள்ள வேல செய்யச் சொல்றியா?"

"கள்ள வேல செய்ய வேணாங்க. கொஞ்சம் கொறச்சலா நல்ல வேல செய்ங்க."

"ஒழுகிச்சின்னா நாம புள்ளைங்களோட ரோட்டுல நிக்கணும், தெரியுமா?"

அவள் என் அப்பாவின் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

சீல் வாங்க அட்டனுக்குப் போனேன். அங்கே மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், எனக்குப் பழக்கம். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க மிஸ்திரியாரே. இந்தக் காருக்கு மூணாவது சீலு. இது கார்தானா, கொழந்தப்புள்ளையா? இப்புடி நனைக்குதே!"

"நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க நானா. இந்தத் தடவ என் வீடு அதுலதான் இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொரு தோலையும் விரலால் அமுக்கிப் பார்த்து, ஒன்றை என் கையில் வைத்தார். "அல்லாஹ் காப்பாத்துவான், போங்க." முருகனும் காப்பாற்றுவான் என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். படிப்பவர்களில் யாராவது ஒரு மிஸ்திரி இருக்கக்கூடும்.

புதுத் தோல் சீலை அப்படியே பொருத்தக் கூடாது. ஒரு பகல் முழுக்க இளஞ்சூட்டு ஒயிலில் ஊறப் போட்டேன். அதற்குள் பின் அச்சு முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தினேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் வெண்கட்டித் துண்டுகள் வாங்கி, பொடித்து, துணியில் கட்டி அச்சின்மேல் பொட்டுப்பொட்டென்று தட்டினேன். பின்பு காரை ஒரு மைல் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். பொடி எங்கே முதலில் நனைகிறதோ அதுதான் ஒழுகுமிடம். கீழே நனைந்திருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தண்டு நுழையும் வாயில் ஒரு பிறை போல நனைந்திருந்தது.

தண்டைக் கழற்றினேன். நடு நட்டைத் தொடுமுன் அதிலும் தண்டிலும் கூரான உளியால் ஒரே நேரான புள்ளி வைத்தேன். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணினேன். திரும்பப் பூட்டும்போது அதே சுற்று, அதே புள்ளி. கூடினால் உள்ளே இருக்கும் பேரிங் இறுகிச் செத்துவிடும், குறைந்தால் ஆடும். பழைய சீலை நெம்பி எடுத்தேன். சீல் உரசுகிற இடத்தில் இரும்பிலேயே மயிரிழை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆகவே புதுச் சீலைச் சற்று உள்ளே தள்ளி, அதன் உள் விளிம்பு, அதாவது உதடு, தேயாத இரும்பில் உட்காரும்படி பொருத்தினேன். உதடு ஒயிலைப் பார்த்து இருக்க வேண்டும். தண்டின் பற்கள் தோலைக் கீறாமல் இருக்க எண்ணெய்க் கடதாசி சுற்றினேன். மரக்கட்டை வைத்துச் சுற்றிவர மெதுவாகத் தட்டி இறக்கினேன். ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் வீண்.

அப்படி ஒரு சுத்தமான வேலையை அதற்குமுன் நான் செய்ததில்லை. மூன்று நாள் கைக்குட்டை வெள்ளையாக வந்தது. நான்காம் நாள் விரித்தேன். நடுவில் ஐந்து சதக் காசு அளவுக்குக் கறுப்பு.

வி.ஏ. துரை வர இரண்டு நாள்தான் இருந்தது. அப்பு அன்றுதான், தட்டை ஏந்தி வந்த நேரத்தில், முதல்முறையாக வாயைத் திறந்தார். "மிஸ்திரி, தொர எதுவும் சொல்லல்ல. அதுதான் பயம்."

பெரிய கங்காணி என் தோளில் தட்டி, "பரவால்லப்பா, வாக்குத் தவறாத மனுசன் நீ" என்றார். நான் அவர் பேச்சுக்கு இணங்கித்தான் இப்படிச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டார். செய்யாத கள்ளத்துக்கு அன்று பாராட்டு வாங்கினேன்.

காருக்கு அடியில் படுத்துக்கொண்டு முருகா முருகா என்று அழுதேன். அழுதுகொண்டே யோசித்தேன். புதுச் சீல் போட்ட பிறகு தட்டையான ரோட்டில் ஓட்டினால் ஒழுகவில்லை. பங்களா ஏற்றம் ஏறி வந்தால்தான் ஒழுகுகிறது. ஏற்றத்தில் என்ன நடக்கிறது? பின் அச்சு சூடாகிறது. சூடானால்? ஒயில் ஊற்றும் துளையின் மூடியை மெதுவாகத் திருகினேன். "புஸ்ஸ்" என்று காற்று என் முகத்தில் அடித்தது.

உள்ளே காற்று அடைபட்டு, அதுதான் ஒயிலை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தள்ளும். அப்படி அடைபடாமல் இருக்கத்தான் அச்சின் முதுகில் சிறிய மூச்சுத்துளை ஒன்று வைத்திருப்பார்கள். கையால் தடவிப் பார்த்தேன். துளையைக் காணோம். அந்த இடத்தில், மண்ணெண்ணெயில் கழுவியும் கரையாமல், கல்லுப் போல ஒரு மேடு. கத்தியால் சுரண்டினேன். மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்து என் நெற்றியில் விழுந்தது. வாசனை வந்தது.

சந்தனமும் குங்குமமும்.

ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஸ்பேனர், கார் தூக்கும் ஜக்கு, லொறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவன் நான். துரையின் காருக்கு முகப்பில் பொட்டு வைத்தால் பிடிக்காது என்று, யார் கண்ணிலும் படாமல் அடியில் போய், பின் அச்சின் முதுகில் கட்டை விரலால் அழுத்தி வைப்பேன். வருடத்துக்கு ஒரு பொட்டாக ஏழு பொட்டு, எட்டாவதும் ஆயிற்று. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், பக்தியோடு. ஆறு வருடமாகத் தோட்டத்தையே நடத்திய அந்த ஒயிலை ஒழுகவிட்டது என் கட்டை விரல்தான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தித் திறந்தேன். பங்களா ஏற்றத்தில் நான்கு முறை காரை ஏற்றி இறக்கினேன். பொடி நனையவில்லை. வி.ஏ. துரை வந்தார், போர்ட்டிகோவில் நடந்தார், உள்ளே போனார். கம்பளம் தப்பியது. என் வீடும் தப்பியது.

அதற்குப் பிறகுதான் வினை.

அடுத்த திங்கட்கிழமை துரை வழக்கம்போல் சத்தமில்லாமல் உருண்டு போனார். நடுப்புல் பச்சையாக இருந்தது. யாரும் முருகா என்று கூவவில்லை. மேற்கணக்கில் வேலையை மேற்பார்க்க வேண்டிய கணக்கப்பிள்ளை மலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் வழித்தாயிற்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை. துரை முன்னால் நுரையோடு சலாம் வைத்தார். ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில், கொழுந்துக்குப் பக்கத்தில் டீமேக்கர் ஐயாவும் வாடிக் கிடந்தார். கந்தோரில் பெரிய கிளாக்கர் குதிரைப் பந்தயப் பத்திரிகையைப் பேரேட்டுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கீழ்க்கணக்கில் ஒரு பெண் வெறுங்கூடையைக் கீழே வைத்துவிட்டு விறகு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள். அந்தப் பெண் ராசம்மா.

வீட்டுக்கு வந்து விறகுக்கட்டை என் முன்னால் போட்டாள். "இந்தாங்க, ஒங்க சீலு குடுத்த வெறகு. வச்சு எரிங்க." அந்த வாரம் முழுக்க என்னோடு அவள் பேசியது அவ்வளவுதான். தோட்டத்தில் மற்றவர்கள் அதுகூடப் பேசவில்லை. கோயிலில் என் கைக்குத் திருநீறு கடைசியாகத்தான் வந்தது.

பத்து நாள் கழித்துப் பெரியதுரை என் கொட்டகைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மிஸ்திரி, கார் நல்லா இருக்கு."

"ஆமாங்க துரை."

"ரொம்ப நல்லா இருக்கு." நிறுத்தினார். "முந்தி, எங்க போனாலும் எல்லாரும் வேல. இப்ப எங்க போனாலும் யாரும் வேல இல்ல. வி.ஏ. துரைக்கு நான் என்னா எழுதுறது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் ஒழுகினா, பரவாயில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவரும் தரையைத்தான் பார்த்தார்.

ஒழுகினால் வீடு போகும் என்றவரே ஒழுகச் சொல்கிறார். மாட்டேன் என்றால் அதற்கும் வீடு போகலாம். ஆனால் முருகன் துளையைக் காட்டிக் கொடுத்த பிறகு, அதை எந்தக் கையால் அடைப்பது?

"தொரைங்களே, சீலு நல்ல சீலு. அத நான் கெடுக்க மாட்டேங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது. நான் அவசரமாகச் சொன்னேன். "ஆனா ஒண்ணுங்க. நீங்க சத்தமில்லாம எறங்கி வர்றீங்க. வளைவுல பொம்பளைங்க கூடையோட நிப்பாங்க. ஆபத்துங்க. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால ஹார்ன் அடிச்சா நல்லதுங்க. நீட்டி."

துரை குனிந்து ஹார்னைப் பார்த்தார்.

"ஆபத்து" என்றார்.

"ரொம்ப ஆபத்துங்க."

"நீட்டி அடிக்கணும்."

"நீட்டிங்க. ரெண்டு தடவ."

மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு என்று சொல்லி, துரையே ஹார்ன் உத்தரவைப் படித்தார். பெரிய கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கும்பிட்டார். அடுத்த சோதனையில் நம் தோட்டத்து ஒழுங்கையும் பாதைப் பாதுகாப்பையும் வி.ஏ. துரை மெச்சி எழுதியதாகக் கிளாக்கர் சொன்னார். ராசம்மாவுக்கு மறுபடியும் முழுப்பேர் விழுந்தது. அன்று என்னிடம், "தேத்தண்ணிக்குச் சீனி போதுமா?" என்று கேட்டாள்.

நான் அந்தத் தோட்டத்தில் இருந்த வரைக்கும் அந்தச் சீல் ஒரு சொட்டும் விடவில்லை. ஹார்ன்தான் இரண்டு தடவை பழுதானது. இரண்டு தடவையும், துரை ஆள் அனுப்புமுன்பே, பெரிய கங்காணி முன்னால் இழுக்க, டீமேக்கர் ஐயாவும் பெரிய கிளாக்கரும் பின்னால் தள்ள, கார் தானாக என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.